அறுபத்திரண்டு பொட்டலங்கள்

வெள்ளம் வடிந்த ஆறாம் நாள் காலை, பஸ் டிப்போ மெக்கானிக் ஒரு ரொட்டிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தார். சுற்றியிருந்த நூலை மட்டும் அவிழ்த்திருந்தார், ரொட்டியைத் தொடவில்லை. அதன்மேல் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. பக்கத்தில் நாலாக மடித்த ஒரு தாள்.

கடையில் அப்போது நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். முதல் அடுப்பு ரொட்டி வெளியே வரும் நேரம். சூட்டு வாசனையில் யாருக்கும் பேசத் தோன்றாத நேரமும் அதுதான். மெக்கானிக்கைப் பார்த்ததும் எல்லாரும் விலகி வழிவிட்டோம். அவருடைய ஒரே மகளை வெள்ளம் கொண்டுபோய் அன்றைக்குப் பத்தாவது நாள்.

"இதைப் படிச்சுட்டுத்தான் வெச்சீங்களா?" என்று கேட்டார்.

ரொட்டிக்காரர் கையிலிருந்த, அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கும் துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தாளை எடுத்துப் பிரித்தார். கடைசி வரிவரை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது நாங்க வெச்சதில்லைங்க."

"பொட்டலம் உங்களுதுதானே?"

"பொட்டலம் எங்களுதுதான். தாள் எங்களுது இல்ல."

மெக்கானிக் தலையாட்டினார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எங்களுக்கெல்லாம் சுலபமாக இருந்திருக்கும்.

"என் பொண்ணு மூணாங்கிளாஸ். அவ என்ன பாவம் பண்ணான்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லி அனுப்புங்க. நான் வீட்டுலதான் இருக்கேன்."

அவர் போன பிறகு தாள் கை மாறி என்னிடம் வந்தது. பழைய தாள், ஓரம் மஞ்சளேறியிருந்தது. தலைப்பு, 'இந்த அழிவு ஏன் வந்தது?' கீழே வேத வசனங்கள். நடுவில் தடித்த எழுத்தில் ஒரு வரி: 'உங்கள் வீட்டை இது தொட்டது தற்செயல் அல்ல; பாவத்துக்கு இது தேவன் தந்த பதில்.' அடியில் சபையின் முகவரியும் ஞாயிறு ஆராதனை நேரமும்.

உள்ளே மாவு பிசையும் இயந்திரம் நின்றுபோயிருந்தது. அதை நிறுத்தியது யார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

*

ரொட்டிக்காரரின் மனைவியை எங்கள் பக்கத்தில் மாவக்கா என்றுதான் கூப்பிடுவோம். முழங்கைவரை எப்போதும் மாவு இருக்கும். சர்ச்சுக்குப் போகும்போதுகூடக் காதோரம் ஒரு வெள்ளைத் தீற்றல் மிச்சமிருக்கும் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள். கடைக்குள் ஒரு சின்னச் சிலுவை, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, இரண்டு பேரும் பொய்த் தராசு பிடிக்காதவர்கள். அதுவரை எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதற்குமேல் தெரிந்துகொள்ள யாரும் கஷ்டப்பட்டதில்லை.

வாய்க்கால் கரை உடைந்தபோது தண்ணீர் கீழ்த்தெருக்களில்தான் புகுந்தது. எங்கள் பக்கம் மேடு. பேக்கரி அடுப்பு விறகு அடுப்பு என்பதால் மின்சாரம் போன பிறகும் எரிந்தது. மாவை ரொட்டிக்காரரும் மாவக்காவும் கையாலேயே பிசைந்தார்கள். ஈரக்காற்றில் மாவு உப்ப மறுத்தது. வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் எழும்புவதற்கு நாலரை மணி நேரம் பிடித்தது. மூன்று நாள் அப்படிச் சுட்டு, சபை ஆட்கள் டியூப் படகில் எடுத்துப்போய்க் கீழ்த்தெரு வீடுகளுக்குக் கொடுத்தார்கள். கடைசி நாள் மட்டும் அறுபத்திரண்டு பொட்டலம். அந்த அறுபத்திரண்டில்தான் தாள் இருந்தது.

மெக்கானிக் வந்துபோன அன்றைக்கு, கடையில் இருந்த எங்களை அனுப்பிவிட்டு ரொட்டிக்காரர் பாதிக் கதவை இறக்கினார். பின்கட்டில் மாவக்கா தொட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். இதை அவள் பிறகு என் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். சபைச் செயலாளர் அந்தத் தாள்கட்டைக் கொண்டுவந்து கொடுத்தாராம். பழைய புயலுக்கு அச்சடித்து மிஞ்சியவை, பொட்டலத்துக்கு ஒன்று வைத்தால் ஆத்துமாவுக்கும் ஆகாரம் போகும் என்றாராம். கணவர் அப்போது அடுப்பில் இருந்தார். அவளே ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள்.

ரொட்டிக்காரர் நம்பிக்கையோடு கேட்டார்.

"நீ படிக்காமத்தானே வெச்சே?"

"படிச்சேன்."

"முழுசாவா?"

"முழுசா. படிச்சப்போ எனக்கு எதுவும் தப்பாத் தெரியல. நம்ம வீட்டுக்குள்ள தண்ணி வரல இல்ல."

அவர் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கடைக்கு வந்தவர்கள் முன்னால் அவ்வளவு உறுதியாகச் சொன்ன ஒரு பொய்யைத் தான் அறியாமலே சொல்லிவிட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

*

மறுநாள் முதல் அடுப்பு ரொட்டியில் பாதி மீந்தது. அதற்கடுத்த நாள் முக்கால்வாசி. யாரோ அந்தத் தாளையும் பள்ளிச் சீருடையில் இருந்த அந்தப் பிள்ளையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் போனில் அனுப்பியிருந்தார்கள். அது எங்கெங்கோ சுற்றி, நர்சிங் படிக்கும் ரொட்டிக்காரரின் மகளுடைய விடுதிக்கே போய்விட்டது. அவள் அம்மாவைக் கூப்பிட்டு, இது நம்ம கடை இல்லை என்று சொல்லச் சொல்லி அழுதாள். மாவக்கா போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டுத் தொட்டியடிக்குப் போனாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ரொட்டியில் எதையோ ஓதிக் கலக்கிறார்கள் என்று ஒருவர். வெளிநாட்டிலிருந்து இவர்களுக்குப் பணம் வருகிறது, அதனால்தான் சும்மா கொடுத்தார்கள் என்று இன்னொருவர். நாளொன்றுக்கு நாற்பது ரொட்டி வாங்கும் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டிலிருந்து, இனி வேண்டாம் என்று தகவல் வந்தது. ஒருநாள் விடிந்தபோது கடையின் இரும்புக் கதவில் சுண்ணாம்புக்கட்டியால் 'சீட்டு ரொட்டி' என்று எழுதியிருந்தது. ரொட்டிக்காரர் ஈரத்துணியால் துடைத்தார். எழுத்து போய்விட்டது, ஆனால் துடைத்த இடம் மற்ற இடத்தைவிடச் சுத்தமாகி, தூரத்திலிருந்தே கண்ணில் பட்டது.

நானும் அந்த வாரம் மூன்று நாள் வேறு கடையில் வாங்கினேன். காரணம் கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. எல்லாரும் போகாத கடைக்குள் தனியாக நுழையக் கூச்சம், அவ்வளவுதான்.

 வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால்கூட மாவக்கா பயந்து எட்டிப் பார்ப்பாள். மாவு பிசைந்துகொண்டிருப்பவள் திடீரென்று கையை எடுத்துவிட்டு, அளவு சரியா என்று கணவரிடம் கேட்பாள். இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு உப்புப் போட்டவள் அவள். ஒருநாள் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள். வாங்க ஆளில்லாததால் அது யாருக்கும் தெரியவில்லை.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபைச் செயலாளர் வந்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர், எதையும் எல்லைக்கல் நட்டதுபோலப் பேசுகிறவர். பாஸ்டர் வெளியூரில் மாட்டிக்கொண்டிருந்ததால் சபை அப்போது அவர் பொறுப்பில் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. வெள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பொட்டலம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். கால் புண் இன்னும் ஆறாமல் துணி சுற்றியிருந்தது.

கையில் ஒரு புகார் மனு கொண்டுவந்திருந்தார். சபைக்குக் கெட்ட பெயர் உண்டாக்க, யாரோ வேண்டாதவர்கள் பொட்டலங்களைப் பிரித்துப் பழைய தாள்களைச் செருகிவிட்டார்கள் என்று அதில் எழுதியிருந்தது. ரொட்டிக்காரர் கையெழுத்துப் போட்டால் போலீஸில் கொடுத்துவிடலாம், கடைக்குப் பாதுகாப்பும் கிடைக்கும், பேச்சும் அடங்கும் என்றார். நம்மைத் தப்பாகப் பேசுவது புதிதல்ல, விசுவாசத்துக்காகப் படும் பாடு இது, இதற்காகச் சோர்ந்துபோகக் கூடாது என்றும் சொன்னார்.

ரொட்டிக்காரர் பேனாவை வாங்கிவிட்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும். கடையில் மீந்த ரொட்டி அடுக்கடுக்காக இருந்தது, மகள் விடுதியிலிருந்து வர மாட்டேன் என்கிறாள், அவர் என்ன செய்வார். மனுவைப் பெட்டிமேல் வைத்து நீவினார். அப்போது மாவக்கா பின்கட்டிலிருந்து வந்து, ஈரக்கையைத் தாளின்மேல் வைத்தாள்.

"இது விசுவாசத்துக்காகப் படற பாடு இல்லீங்க ஐயா. நான் செஞ்சதுக்காகப் படறது. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க."

செயலாளர் பொறுமையாகத்தான் விளக்கினார். ஒருத்தி ஒப்புக்கொண்டால் அது சபை முழுக்க ஒப்புக்கொண்டதாகிவிடும். ஏற்கெனவே நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாதா? கஞ்சி ஊற்றி ஆள் பிடிக்கிறவர்கள் என்கிறார்கள். அது உண்மைதான் என்று நாமே எழுதிக் கொடுப்பதா?

"உண்மையா இல்லையான்னு அந்த அறுபத்திரண்டு வீட்டுலதான் கேட்கணும்," என்றாள் மாவக்கா. "நான் போய் அந்தத் தாளெல்லாம் திருப்பி வாங்கிட்டு வரப் போறேன்."

 ரொட்டிக்காரர் பேனாவை மூடிச் செயலாளரிடம் நீட்டினார். மனு மாவக்காவின் கைத்தடம் பட்டு நனைந்திருந்தது. செயலாளர் அதை மடிக்காமல் இரு விரலால் தூக்கிக்கொண்டு, நொண்டியபடி படியிறங்கிப் போனார். வாசலில் நின்று, நீங்க ரெண்டு பேரும் ஜெபம் பண்ணிட்டு முடிவெடுங்க என்று மட்டும் சொன்னார். கோபமாக இல்லை, பயந்தவர் குரலில்.

*

மெக்கானிக் வீட்டுத் தாள் ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்டது. மிச்சம் அறுபத்தொன்று. அவள் சனிக்கிழமை காலையில் இறங்கினாள். கூட வருகிறேன் என்ற கணவரை அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். ஒரு ரொட்டிகூடக் கையில் எடுத்துப் போகவில்லை. எதையாவது கொடுத்துவிட்டுப் பேச அவளுக்குப் பயமாக இருந்தது.

கீழ்த்தெரு அப்போதும் சேறாகத்தான் இருந்தது. மெத்தைகளும் பீரோக் கதவுகளும் வாசலில் காய்ந்தன. சுவர்களில் நெஞ்சளவுக்குப் பழுப்புக் கோடு. ஒவ்வொரு வீட்டிலும் அவள் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள். "அன்னிக்கு ரொட்டிப் பொட்டலத்துல ஒரு தாள் வெச்சது நான்தான். அது தப்பு. இருந்தா திருப்பிக் குடுத்துடுங்க."

முதல் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். பரிசுச் சீட்டு என்று நினைத்துப் பத்திரமாக வைத்திருந்தாராம். இரண்டாவது வீட்டு அம்மாள், பிள்ளை மூக்கைத் துடைத்துப் போட்டுவிட்டேன், குப்பையில் தேடி எடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள். மாவக்கா, வேண்டாங்க, துடைச்சதே நல்லது என்றாள். இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. தையற்காரர் ஒருவர் அவளை நிற்க வைத்தே முக்கால் மணி நேரம் பேசினார். அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தபோது, யாரோ நாலு பேர் வந்து அவரைக் கேட்காமலே தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போனார்களாம். உங்க ஆளுங்களுக்கு மனுஷன் கீழே விழணும், அப்பத்தான் கண்ணுக்குத் தெரிவான் என்றார். அவர்கள் வேறு சபை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். பிறகு சொல்லவில்லை. தன் தாள் போன வீடுகளும் விழுந்து கிடந்த வீடுகள்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வாசலில் ஒரு பெண் தண்ணீர் கொடுத்துவிட்டு, உங்க ரொட்டி இல்லைன்னா அன்னிக்கு என் பிள்ளைங்க பட்டினி, தாளை நான் பார்க்கவே இல்லை என்றாள். இன்னொரு வாசலில் பேசி முடிப்பதற்குள் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் இருந்தவர் வேறொரு சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர், மின்வாரியத்தில் வேலை. அவர் அவளை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். நீங்கள் இப்படி வீடு வீடாக மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு என்னையும் கேட்கச் சொல்வார்கள், நானும் இந்தத் தெருவில்தான் குடியிருக்கணும், பேசாமல் விட்டிருந்தால் பத்து நாளில் மறந்துபோயிருக்கும் என்றார்.  அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாக அவளுக்கும் பட்டது.  தாளை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

நாலு நாள் நடந்தாள். முப்பத்தெட்டுத் தாள் திரும்பி வந்தது. மற்றவை நனைந்து கிழிந்தோ, அடுப்பில் எரிந்தோ, தொலைந்தோ போயிருந்தன. வந்ததை அவள் ரொட்டி அடுப்பிலேயே போட்டாள். அந்த நெருப்பில் ரொட்டி சுடக் கூடாது என்று ரொட்டிக்காரர் சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தார்.

கடைக்கு ஆட்கள் திரும்ப வர ஆரம்பித்ததும் அந்த நாலு நாளில்தான். ஒரேயடியாக இல்லை. முதலில் அந்த மூக்குத் துடைத்த அம்மாள் வந்தாள். நானும் போனேன். ஆஸ்பத்திரி ஆர்டர் திரும்பவே இல்லை. தையற்காரர் இன்றுவரை அந்தக் கடையில் வாங்குவதில்லை, ஆனால் வழியில் பார்த்தால் மாவக்காவுக்குத் தலையசைக்கிறார். சபையில் செயலாளர் அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் அவளும் கணவரும் மட்டும் இருந்தார்கள்.

*

மெக்கானிக் வீட்டை அவள் கடைசியாக வைத்திருந்தாள். அங்கே வாங்குவதற்கு ஒன்றும் இல்லை, போகாமலே இருந்திருக்கலாம். புதன்கிழமை மதியம், வெயில் முதல்முறையாகச் சுள்ளென்று அடித்த நாள், போனாள்.

மெக்கானிக்கின் மனைவி கூடத்தில் தரையில் உட்கார்ந்து தையல் மெஷினைக் கழற்றிப் போட்டிருந்தாள். தலைப்பாகம் தனியாக, மேசை தனியாக. பாபின் கூட்டுக்குள் போயிருந்த சேற்றை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆர்டருக்குத் தைத்துக் கொடுக்கிறவள், மெஷின் ஓடாவிட்டால் வீடு ஓடாது. நிமிர்ந்து பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

மாவக்கா வாசலுக்குள் ஓர் அடி வைத்து நின்றாள்.

"அந்தத் தாளை வெச்சது நான். என் வீட்டுக்காரர் விஷயம் தெரியாம, எங்களுது இல்லைன்னுட்டார். வெச்சது நான்தான்."

"படிச்சுட்டா?"

"படிச்சுட்டுத்தான்."

மெக்கானிக்கின் மனைவி துணியை மறுபடி எண்ணெயில் நனைத்தாள். பிழிந்தாள். மெஷினைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அதைப் படிச்சதும் அவர் உங்க கடைக்கு வந்துட்டார். நான் போகாதீங்கன்னு சொன்னேன். ஏன் தெரியுமா? எனக்கு அது சரின்னு பட்டுச்சு."

மாவக்காவுக்கு முதலில் புரியவில்லை.

"தீப்பெட்டி வாங்கிட்டு வான்னு அவளை அனுப்பினது நான்தான். அப்போ தண்ணி கணுக்கால் அளவுதான் இருந்துச்சு. சாக்கடை மூடி போனது எனக்கு எப்படித் தெரியும்? அனுப்பினது நான். அப்போ பாவம் என்னோடதுதானே? உங்க தாள்ல சரியாத்தானே போட்டிருக்கு."

மாவக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வசனங்கள் தெரியும். முப்பது வருஷமாக மனப்பாடம் செய்தவை, துக்க வீட்டுக்கு என்று தனியாகவே சில உண்டு. அவை நாக்கு நுனிவரை வந்துவிட்டன என்று என் மனைவியிடம் சொன்னாள். அத்தனையும் உண்மையான வசனங்கள்தான், ஆனால் அந்தத் தாளிலும் வசனம்தானே போட்டிருந்தது. பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டாள்.

"அந்தத் தாள் பொய்ம்மா. நீங்க அனுப்பினது தீப்பெட்டிக்கு. அவ்வளவுதான். அதுல பாவம் ஒண்ணும் இல்ல."

"உங்க சாமி சொன்னதுன்னு போட்டிருந்துச்சே."

"அவர் சொல்லல. நாங்க சொன்னோம். அவர் பேரைப் போட்டுட்டோம்."

"அப்போ அவர் என்னதான் சொல்றாரு? என் பிள்ளையை ஏன் எடுத்தாராம்? நீங்க தினம் அவர்கிட்டப் பேசறவங்கதானே. கேட்டீங்களா?"

"கேட்டேன். உங்க வீட்டுக்காரர் கடைக்கு வந்த நாள்ல இருந்து தினமும் கேட்கறேன்."

"என்ன சொன்னாரு?"

மாவக்கா இல்லை என்று தலையசைத்தாள்.  அதை வாய்விட்டுச் சொன்னால் தன் விசுவாசமே கேலிக்கூத்தாகிவிடுமோ என்று பயந்தாள். இருந்தாலும் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் சொல்லல. எனக்குத் தெரியல."

மெக்கானிக்கின் மனைவி முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். பதினெட்டு, பத்தொன்பது நாளாக அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாருமே ஏதாவது ஒரு காரணத்தோடு வந்திருந்தார்கள். விதி என்றார்கள், நேரம் என்றார்கள், நகராட்சி என்றார்கள், கண்திருஷ்டி என்றார்கள். தெரியவில்லை என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவள் அழவில்லை. மெஷினின் தலையை இரண்டு கையாலும் தூக்கி மேசைப் பொந்தில் உட்காரவைக்கப் பார்த்தாள். பலகை தண்ணீரில் ஊதியிருந்தது. கீல் துளைக்கு நேராக நிற்காமல் தலை ஒரு பக்கம் சாய்ந்து விழப் பார்த்தது.

"அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க," என்றாள்.

மாவக்கா எழுந்து பிடித்தாள். இரும்பு, நல்ல கனம். மெக்கானிக்கின் மனைவி குனிந்து திருகாணியைத் துளைக்குள் விட்டுப் பார்த்தாள். ஏறவில்லை. அரத்தால் பலகையைக் கொஞ்சம் ராவினாள், மறுபடி விட்டாள். ஏறவில்லை.  ராவிய மரத்தூள் மாவக்காவின் கையில் விழுந்து ஒட்டியது.

வெயில் வாசலைத் தாண்டிக் கூடத்துக்குள் வரும்போது மெக்கானிக் டிப்போவிலிருந்து வந்தார். கதவருகில் நின்று இருவரையும் பார்த்தார். மாவக்காவுக்குக் கை தளர்ந்தது. விட்டால் மெஷின் விழும், அதனால் விடவில்லை.

"அவங்க ரொம்ப நேரமாப் பிடிச்சுட்டு நிக்கறாங்க," என்றாள் அவர் மனைவி தலை நிமிராமலே. "நீங்க வந்து திருகுங்க."

அவர் செருப்பைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேசைக்கு அடியில் படுத்தார்.

"இன்னும் கொஞ்சம் உங்க பக்கமா சாய்ச்சுப் பிடிங்க," என்றது கீழிருந்து அவர் குரல். மாவக்கா சாய்த்துப் பிடித்தாள்.